ஒன்றரை மணி நேரத் திருத்தலம்

பயண ஏற்பாட்டாளர் ஒருவரின் விளம்பரத் தாள் நம் மேசைமேல் கிடக்கிறது. போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனிலிருந்து நான்கு ஊர்களை ஒரே பகலில் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் சிறு குழுப் பயணம் அது. எட்டுப் பேர் அமரும் வண்டி. ஓட்டுநரே வழிகாட்டி. காலை 8 மணிக்குப் புறப்பாடு, மாலை 6 மணிக்குத் திரும்புதல். ஒவ்வோர் ஊர்ப் பெயருக்கு முன்னும் ஓர் அடைமொழி அச்சிடப்பட்டுள்ளது. பாத்திமா, சமய ஊர். பத்தாலியா, கலை ஊர். நசரே, கடற்கரை ஊர். ஓபிதோஸ், இடைக்கால ஊர். சமயத்திற்கு ஒன்றரை மணி நேரம். கலைக்கு முக்கால் மணி நேரம். கடலுக்கு மதிய உணவு உட்பட இரண்டு மணி நேரம். இடைக்காலத்திற்கு ஒரு மணி நேரம்.

இத்தாளை நாம் கிழித்தெறியாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு மே மாதத்தில் லிஸ்பனில் சில நாள் தங்க நேர்ந்தபோது நாமும் அந்த வண்டியில் ஏறினோம். ஆகவே இங்கு நாம் எழுதுவது பிறர்மீது எறியும் கல் அன்று. எறிந்தாலும் முதலில் நம் தலைமேல்தான் விழும்.

இத்தகைய பயணங்களைக் குறைகூற வருகிறவர்கள் வழக்கமாக நேரத்தைப் பற்றியே பேசுவார்கள். அவசரம், ஓட்டம், கைக்கடிகாரம். அது உண்மையே, ஆனால் சிறிய உண்மை. நம்மை உறுத்துவது அந்த அடைமொழிகள். ஓர் ஊர் சமயத்திற்கு, ஓர் ஊர் கடலுக்கு, ஓர் ஊர் வரலாற்றுக்கு என்று பாகம் பிரித்துத் தந்தது யார்? அப்பாகப் பிரிவினையை வாய்மூடி ஏற்றுக்கொண்டு, செபமாலையைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியேறும் நாம் யார்?

வழியில் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஓடியபின், பாத்திமாவுக்குப் பிரியும் சாலையில் வண்டி திரும்பியது. ஓரத்தில் மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் மஞ்சள் மேலுடுப்பு, கையில் கோல், சிலர் காலில் துணிக்கட்டு. ஐவராகவும் பதின்மராகவும் சென்றார்கள். மே 13-ஆம் நாள் திருவிழாவுக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்து நடந்துவரும் எளிய மக்கள் அவர்கள். ஆகஸ்டு மாத இறுதியில் காவி உடுத்தி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் மக்களின் அதே நடை, அதே கொப்புளம். நம் வழிகாட்டி வேகத்தைக் குறைத்து, வேண்டுவோர் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கண்ணாடியை இறக்காமலே எடுத்தார்கள். வண்டிக்குள் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. நாமும் எடுத்தோம். அந்தப் படம் இன்றும் நம் கைப்பேசியில் இருக்கிறது. யாருக்கும் காட்டத் துணிவில்லை.

பாத்திமாவின் பெருவெளியில் இறங்கியபோது மணி பத்தாகவில்லை. மேட்டிலிருந்து தோற்றச் சிற்றாலயத்தை நோக்கி வழவழப்பான கல் பாவிய பாதை ஒன்று இறங்குகிறது. அதில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் முழந்தாளால் ஊர்ந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் அவருடைய மகன் கையைப் பிடித்திருந்தான். அவருக்கு என்ன நேர்ச்சையோ, யாருக்கு நோயோ, நாம் அறியோம். நாம் சிற்றாலயத்தில் செபித்து, பெரிய ஆலயத்தில் பிரான்சிஸ்கோ, ஜசிந்தா, லூசியா ஆகியோரின் கல்லறைகளைக் கண்டு, கடையில் பங்குமக்களுக்கென இரண்டு டசன் செபமாலைகள் வாங்கி, வரிசையில் நின்று கழிப்பிடம் சென்று திரும்பியபோது அப்பெண் பாதையின் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தார். நமக்கு நேரம் முடிந்துவிட்டது. வண்டிக்கு நடந்தோம்.

திருவிழாக் காலங்களில் பாத்திமாவின் நாள் தொடங்குவதே இரவு ஒன்பதரை மணிக்குத்தான் என்று சொன்னாலும் மிகையாகாது. அப்போதுதான் சிற்றாலயத்தின் முன் பன்மொழிச் செபமாலை நடைபெறுகிறது. அது முடிந்ததும் மெழுகுதிரிகள் ஏந்திய மக்கள் கூட்டத்தினூடே அன்னையின் திருவுருவம் பவனி வருகிறது. அந்நேரத்தில் ஒருநாள் பயணிகள் லிஸ்பனில் இரவு உணவை முடித்திருப்பார்கள். திருத்தலத்திற்குச் சென்று அதன் முதன்மையான வழிபாடு தொடங்க இன்னும் பத்து மணி நேரம் இருக்கும்போதே புறப்பட்டு வந்ததை, நம் மக்களிடம் 'பாத்திமா சென்று வந்தோம்' என்று சொல்லிக்கொள்கிறோம்.

இது இருக்கட்டும். பாத்திமா 'சமய ஊர்' மட்டுமா? 1910-இல் போர்த்துக்கலில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு பிறந்தது. 1911-இல் திருச்சபையை அரசிலிருந்து பிரிக்கும் கடுமையான சட்டம் வந்தது. 1916-இல் நாடு முதலாம் உலகப் போரில் இறங்கியது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் பிளாந்தர்ஸ் பதுங்குகுழிகளுக்கு அனுப்பப்பட்டனர். அந்தச் சூழலில்தான் 1917 மே 13-ஆம் நாள் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகள் கோவா த இரியா என்னும் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பெண்மணியைக் கண்டார்கள். மூத்தவளுக்கு வயது 10, இளையவளுக்கு 7. போர் முடியும்படி நாள்தோறும் செபமாலை சொல்லுங்கள் என்பதே அவர்கள் கேட்ட வேண்டுகோளின் மையம். ஆகஸ்டு 13-ஆம் நாள் அப்பிள்ளைகளை வட்டார நிர்வாகி கொண்டுபோய் அடைத்து வைத்தார். 1922 மார்ச்சு மாதத்தில் மக்கள் கட்டிய சிற்றாலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது மீண்டும் கட்டப்பட்டது. ஆயரின் ஒப்புதல் 1930-இல்தான் கிடைத்தது. இவ்வளவு அரசியலும் போரும் பசியும் நிறைந்த ஊரைச் 'சமய' ஊர் என்று சுருக்கினால், சமயம் என்பது மெழுகுதிரியும் செபமாலைக் கடையும் என்றுதான் காண்போர் எண்ணுவர்.

பாத்திமாவிலிருந்து பத்தாலியா ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 1385 ஆகஸ்டு 14-ஆம் நாள் அல்சுபரோட்டாப் போரில் வென்றால் அன்னைக்கு ஆலயம் எழுப்புவேன் என்று முதலாம் யோவான் அரசர் செய்த பொருத்தனையின் கல் வடிவம் அங்குள்ள பெருமடம். தொமினிக்கன் துறவியர் அங்கு வாழ்ந்தனர். 1834-இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டபோது அவர்கள் வெளியேற்றப்பட்டனர். நம் வழிகாட்டி கோதிக் வளைவுகளைப் பற்றியும் கூரையின்றி நின்றுவிட்ட முற்றுப்பெறாச் சிற்றாலயங்களைப் பற்றியும் அழகாகவே பேசினார். அவரைக் குறைசொல்ல மாட்டோம். தம் நாட்டை நேசிக்கும் இளைஞர். ஆனால் அவர் பேச வேண்டியது 'கலை' மட்டும் என்று தாளில் எழுதியிருக்கிறது.

மடத்தின் பேரவைக் கூடத்தில் பெயர் தெரியாப் படைவீரரின் கல்லறை இருக்கிறது. பிளாந்தர்சிலும் ஆப்பிரிக்காவிலும் இறந்த அடையாளம் தெரியாத இருவரின் உடல்கள் 1921-இல் அங்கு அடக்கம் செய்யப்பட்டன. விளக்கு எரிகிறது, காவலுக்கு வீரர் நிற்கின்றனர். கல்லறைக்கு மேலே பாடுபட்ட சுரூபம் ஒன்று தொங்குகிறது. பிரான்சின் போர்க்களத்தில், போர்த்துக்கீசியப் படைகள் நின்ற இடத்தில் குண்டுபட்டுச் சிதைந்த சுரூபம் அது. கால்கள் போய்விட்டன, மார்பு துளைபட்டிருக்கிறது. பதுங்குகுழிகளின் கிறிஸ்து என்று அழைக்கிறார்கள். 1958-இல் பிரான்சிலிருந்து கொண்டுவந்தார்கள்.

எந்தப் போர் முடியும்படி பாத்திமாவில் பிள்ளைகள் செபித்தார்களோ, அந்தப் போரில் மாண்டவர்களே இங்குக் கிடப்பவர்கள். இருபதே கிலோமீட்டர் இடைவெளி. அங்கே கேட்ட செபத்திற்குப் பொருள் இங்கே இருக்கிறது. இங்கே கிடக்கும் பிணத்திற்கு அழுகை அங்கே இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில் கண்ட நாம், ஒன்றோடு ஒன்றை இணைத்துப் பார்க்கவில்லை. சமயத்திலிருந்து கலைக்கு வந்துவிட்டோம் அல்லவா! வண்டியில் ஏறியபின்தான் நமக்கே அது உறைத்தது. அந்தச் சுரூபத்தின் முன் ஒரு பரலோக மந்திரம்கூடச் சொல்லாமல், வளைவுகளை நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தோம். குருவானவராகிய நமக்கே இந்நிலை என்றால்!

அதே ஆலயத்தின் மற்றொரு சிற்றாலயத்தில் கடலோடி எனப் பெயர்பெற்ற இளவரசர் என்றீக்கின் கல்லறை உண்டு. அவர் தூண்டிய கடலோட்டத்தின் நீட்சியாகவே 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கினார். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் நம் கரைக்கு வந்தார். ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகப் பிடித்து விற்ற வாணிகமும் அதே கப்பல்களில்தான் வளர்ந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவர் அக்கல்லறைமுன் நின்றால் நன்றியும் நடுக்கமும் ஒருசேர வரவேண்டும். முக்கால் மணி நேரத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

இனி நசரே. இங்கு நாம் சற்று அதிகமாகவே பேச வேண்டும்; ஏனெனில் இது நம் ஊர். ஆம், மணப்பாட்டையோ கோடிமுனையையோ அறிந்த எவருக்கும் அந்நியமாகத் தோன்றாத ஊர். கீழே மணற்கரை, மேலே நூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக எழும் பாறை. பாறைமேல் சீத்தியு என்னும் பழைய குடியிருப்பும் அன்னையின் ஆலயமும். கரையில் கம்பி வலைகளின்மேல் மீனைப் பிளந்து உலர்த்துகிறார்கள். ஏழு பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திய மூத்த பெண்கள் கொட்டைப் பருப்புகளும் உலர்ந்த பழங்களும் விற்கிறார்கள். நம்மிடம் விலை சொன்ன பெண்மணி, பேரம் பேசியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூத்துக்குடி மீன் சந்தையில் நின்றதுபோல் இருந்தது.

இதுதான் 'கடற்கரை ஊர்'. பாத்திமாவுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே போர்த்துக்கீசியரின் பெரும் மரியன்னைத் திருத்தலம் இதுவே என்பதை அந்தத் தாளைப் படித்தவர் எவரும் அறிய வழியில்லை. 1182 செப்டம்பர் 14-ஆம் நாள் மூடுபனியில் மானைத் துரத்திய தோம் புவாஸ் ரூப்பினியோ என்னும் தலைவரின் குதிரை பாறை விளிம்பில் வந்து நின்றது என்றும், அவர் அன்னையைக் கூவியழைக்க அது பின்வாங்கியது என்றும் மரபு. அதன் நினைவாக விளிம்பில் ஒரு சிற்றாலயம் நிற்கிறது. பேராலயத்தில் இருப்பது பாலூட்டும் அன்னையின் சிறிய கரிய மரச் சுரூபம். காமா கடலேறுமுன் இங்கு வந்து வேண்டினார் என்பது ஊரார் சொல்லும் மரபு. அன்னையின் திருநாள் செப்டம்பர் 8. வேளாங்கண்ணியின் நாளும் அதுவே. நசரே அன்னையின் பக்தி கடல் கடந்து பிரேசில் நாட்டின் பெலேம் நகரை அடைந்தது. அங்கு 1793 முதல் அக்டோபர் மாதத்தில் நடைபெறும் பவனியில் இன்று பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் கூடுகிறார்கள். இத்தனையையும் 'கடற்கரை' என்ற ஒரு சொல்லுக்குள் புதைக்க முடிந்திருக்கிறது!

வழிகாட்டி நம்மைப் பாறைமேல் கொண்டு நிறுத்தி அலைகளைப் பற்றிச் சொன்னார். கரைக்கு எதிரே கடலுக்கடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கின் பேரலைகள் அதன் வழியே குவிந்து வந்து, வடக்குக் கரையில் மலைபோல் எழுகின்றன. 2011-இல் அமெரிக்கர் ஒருவர் 23 மீட்டருக்கு மேற்பட்ட அலைமீது சறுக்கியதும் ஊர் உலகப் புகழ்பெற்றது. 2020-இல் ஜெர்மானியர் ஒருவர் சறுக்கிய அலை 26 மீட்டரைத் தாண்டியது. கலங்கரை விளக்கக் கோட்டையில் அவர்களுடைய பலகைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மே மாதம் ஆகையால் நாம் சென்ற அன்று கடல் குளம்போல் அமைதியாகக் கிடந்தது. உடன் வந்த ஒருவர் உதட்டைப் பிதுக்கி, இன்று அலையே இல்லையே என்று வருந்தினார்.

அலையே இல்லையே! அந்தச் சொல்லைக் கேட்டு நாம் அதிர்ந்தோம். 1980-களில் துறைமுகம் அமையும்வரை நசரே மீனவர் திறந்த கரையிலிருந்தே படகைத் தள்ளி அலைகளைக் கடந்து போய் வந்தனர். கரையிலேயே கவிழ்ந்து, மனைவியர் கண்முன்னே மாண்டவர் பலர். கறுப்பு உடுத்திய கைம்பெண்களின் ஊர் அது. அலை இல்லாத நாள் வேண்டுமென்றுதான் அவர்கள் மேலேயுள்ள ஆலயத்தில் எண்ணூறு ஆண்டுகளாக முழந்தாளிட்டார்கள். நம் கரையிலும் கேட்டுப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் உறவினரை இழந்தவரிடம், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் மகனை அனுப்பிவிட்டுத் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் கரையில் நின்ற தாயிடம், பெரிய அலையைப் பார்க்கப் பயணச்சீட்டு வாங்கச் சொல்லிப் பாருங்கள். சறுக்குவோரின் துணிவை நாம் இகழவில்லை. கடலும் அன்னையும் அந்த ஊரில் ஒரே பேச்சு என்பதை மறைத்துவிட்டு, கடலை மட்டும் பிய்த்தெடுத்து விற்பதைத்தான் சொல்கிறோம். ஆலயத்திற்கென மிஞ்சியது பத்து நிமிடம். எண்மரில் உள்ளே வந்தவர் மூவர்.

ஓபிதோசைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மதில் சூழ்ந்த வெள்ளை வீடுகள், நீலப் பட்டை, தொட்டிப் பூக்கள். சாக்லேட் கிண்ணத்தில் புளிப்புச் சேலாப்பழ மது ஊற்றித் தருகிறார்கள். குடித்துவிட்டுக் கிண்ணத்தையும் தின்னலாம். நன்றாகவே இருந்தது, ஒளிப்பானேன். 1282-இல் தினிஸ் அரசர் இந்த ஊரைத் தம் மணமகள் இசபெல்லுக்குப் பரிசளித்தார் என்று வழிகாட்டி சொன்னார். காதல் ஊர் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். அந்த இசபெல் திருச்சபையின் புனிதை என்பதை அவர் சொல்லவில்லை. கணவரும் மகனும் படைதிரட்டி எதிர்நின்றபோது நடுவே போய் நின்று சமாதானம் செய்தவர். விதவையானபின் கொம்பொஸ்தெல்லாவுக்குத் திருயாத்திரை சென்றவர். 1612-இல் கல்லறையைத் திறந்தபோது உடலோடு அவருடைய யாத்திரைக் கோலும் இருந்தது. யாத்திரை சென்ற அரசியின் ஊரில் நின்றுகொண்டு, அவருடைய திருமணப் பரிசை மட்டும் கேட்டுவிட்டு வந்தோம். அவ்வூரில் புனித யாகப்பர் ஆலயம் இப்போது புத்தகக் கடை. பலிபீடம் இருந்த பக்கத்தில் அலமாரிகள். (அலமாரி என்பதே அவர்கள் மொழி நமக்குத் தந்த சொல், அங்கு அதைக் கண்டபோது உறவினரைக் கண்டதுபோல் இருந்தது.) ஆலயம் பாழாவதைவிடப் புத்தகம் வாழ்வது மேல் என்பது நம் கருத்து, அதுபற்றி நமக்குச் சண்டையில்லை.

சண்டை எதுபற்றி என்றால், அந்த அடைமொழிகள் பயணத் தாளோடு முடிந்துவிடவில்லை. நாம் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அல்லது வீட்டிலிருந்துதான் அங்கே கொண்டுபோனோம். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் சமயம். மற்ற நாள்களில் தொழில், கடல், சந்தை, நீதிமன்றம், தேர்தல். சமயத்திற்குரிய நேரத்தில் குருவானவர் கூலியைப் பற்றியோ சாதியைப் பற்றியோ பேசினால், சாமி ஏன் இதையெல்லாம் பேசுகிறார் என்று முணுமுணுக்கிறோம். வண்டி அந்த ஊரை விட்டு வந்தாயிற்றே என்ற நினைப்பு! அறிக்கையிடும் விசுவாசத்திற்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான பிளவை நம் காலத்தின் பெருந்தவறுகளுள் ஒன்றாக எண்ண வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தில் எச்சரித்தது. அந்தப் பிளவையே எட்டு இருக்கைகளோடும் குளிரூட்டியோடும் ஓடவிட்டால் அதுதான் இந்த ஒருநாள் பயணம்.

நம்மைக் கடிந்துகொள்ள விரும்புவோர் இரண்டு செய்தி சொல்வர். முதலாவது, ஏழைகளுக்கு நேரமும் பணமும் குறைவு. கிடைத்த ஒன்றரை மணி நேரமாவது அன்னையின் பாதத்தில் இருக்கட்டுமே என்பது. இதை நாம் மதிக்கிறோம். ஒரு நொடியிலும் இறைவன் ஓர் உள்ளத்தைத் திருப்ப வல்லவர். நல்ல கள்வனுக்கு அவ்வளவுதான் கிடைத்தது. ஆனால் அந்த வாதத்தைச் சொல்பவர் பெரும்பாலும் ஏழையாய் இருப்பதில்லை. லிஸ்பனில் தங்கி வண்டிக்கும் மதிய உணவுக்கும் கொடுக்கும் பணத்தில், பொதுப் பேருந்தில் பாத்திமா சென்று எளிய விடுதியில் ஓர் இரவு தங்கலாம். சாலையில் நாம் படம்பிடித்தவர்கள்தாம் ஏழைகள். அவர்கள் நாள்கணக்காக நடந்தார்கள்.

இரண்டாவது, சுற்றுலாவும் பயனுள்ளதே, மக்கள் உலகைப் பார்க்கட்டும் என்பது. பார்க்கட்டும். சுற்றுலாவைச் சுற்றுலா என்று அழைத்தால் நமக்கு மறுப்பே இல்லை. ஆனால் நம் மறைமாவட்டங்களில் ஒட்டப்படும் சுவரொட்டிகளைப் பாருங்கள்: உரோமை, லூர்து, பாத்திமா, இடையில் பாரிசு கோபுரம், சுவிட்சர்லாந்து பனிமலை, மேலே பெரிய எழுத்தில் 'திருயாத்திரை'. கீழே, 'ஆன்மீக வழிகாட்டியாக அருட்தந்தை உடன் வருகிறார்.' இத்தனை பேரைச் சேர்த்தால் குருவானவருக்கு ஓர் இருக்கை இலவசம் என்னும் கணக்கு நம் உடன்பிறப்புக் குருக்கள் அறியாததன்று. இலவச இருக்கையில் அமர்ந்தவர் பயணத் திட்டத்தைக் கேள்வி கேட்பது கடினம்.

2023-இல் லிஸ்பனில் உலக இளையோர் நாள் கொண்டாடப்பட்டபோது, மரியா எழுந்து விரைந்து சென்றார் என்னும் நற்செய்திச் சொல்லையே மையக் கருத்தாக எடுத்துக்கொண்டார்கள். விரைவுக்கு மறைநூலில் இடமுண்டு என்று பயண ஏற்பாட்டாளர் இதை மேற்கோள் காட்டினாலும் காட்டுவார். விரைந்து சென்ற அன்னை, எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்று லூக்கா அதே அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். கருவுற்ற முதியவளின் வீட்டில் தண்ணீர் சுமந்திருப்பார், மாவு அரைத்திருப்பார். அந்த மூன்று மாதத்தில் எது சமயம், எது வேலை என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வரும் மே மாதத்திற்கு நம் வட்டாரத்திலிருந்தும் ஒரு குழு புறப்பட ஏற்பாடாகி வருகிறது. அச்சிட்ட திட்டம் நமக்கு வந்தது. ஒன்பதாம் நாள்: 'பாத்திமா, நசரே, ஓபிதோஸ், இரவு லிஸ்பன்.' நாம் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறோம். எந்த ஊரையும் விட்டுவிடும்படி கேட்கவில்லை. ஒருநாளை இரண்டாக்குங்கள்; பாரிசில் கடைவீதிக்கென ஒதுக்கிய பகல் அதற்குப் போதும். பாத்திமாவில் இரவு தங்கி ஒன்பதரை மணிச் செபமாலைக்கு எல்லாரும் நில்லுங்கள். வழியில் பத்தாலியாவில் இறங்கி, பதுங்குகுழிகளின் கிறிஸ்துவின் முன் போரில் இறந்தோருக்காக, ஈழத்தில் மாண்ட நம் உறவுகளையும் நினைத்து, ஒரு பத்து மணி சொல்லுங்கள். நசரேயில் திருப்பலியைப் பாறைமேலுள்ள ஆலயத்தில் வையுங்கள். மன்றாட்டில் ஒக்கியில் திரும்பாதவர்களின் பெயர்களை ஊர் ஊராக வாசியுங்கள். நம் குழுவில் சின்னத்துறைக்காரர் இருவர் இருக்கிறார்கள், அவர்களே வாசிக்கட்டும். ஓபிதோசில் மது அருந்துமுன் யாத்திரைக் கோலோடு புதைக்கப்பட்ட அரசியின் கதையைச் சொல்லுங்கள். உடன் செல்லும் குருவானவர் தம் பயணச்சீட்டுக்குத் தாமே பணம் கட்டட்டும். அவர் நாமாக இருந்தாலும்.

இரண்டு நாளாக்கினால் ஆளுக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாட்டாளர் தொலைபேசியில் கூறினார். கடைவீதிப் பகலை எடுத்தால் சிலர் பெயரை விலக்கிக்கொள்வார்கள் என்றும் எச்சரித்தார். விலகுவோரின் இடங்களை இரண்டு கடலோரப் பங்குகளின் மக்களுக்குத் தவணையில் தர இயலுமா என்று கேட்டிருக்கிறோம்.